கறுப்புக் கார், ஒரு வாளி, இரு கரைகள்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடிவதற்கு முன்பே கார் துடைக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. ஒருவர் கையில் ஒரு வாளி, தோளில் ஒரு துணி. வரிசையாக நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போகிறார். முதல் காரில் தெளிவாக இருந்த தண்ணீர் நாலைந்து கார் தாண்டுவதற்குள் மண்ணிறமாகிவிடும். காருக்கு மாதம் இவ்வளவு என்று பேச்சு. சொந்தக்காரர் அலுவலகம் கிளம்பக் கீழே இறங்கும்போது கார் பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். வெள்ளைக் காருக்கு இதனால் கண்ணுக்குத் தெரிகிற கேடு இல்லை. கறுப்புக் காருக்கு ஒவ்வொரு காலையும் சில புதிய கீறல்கள்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தத் தினசரித் துடைப்பு அவ்வளவு வேரூன்றவில்லை. வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை வீட்டு முற்றத்தில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கழுவுகிறார்கள். அல்லது சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டு ‘போடி வோஷ்’ அடித்து எடுத்துவருகிறார்கள். இடைப்பட்ட நாட்களில் தூசி தூசியாகவே இருக்கிறது. இரு பக்கத்துக் கறுப்புக் கார்களையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயின்ட்டைக் காப்பதில் இலங்கை வழக்கமே மேல். அங்கே துடைக்கும் கைகள் திறமையானவை என்பதால் அல்ல. துடைப்பது குறைவு என்பதால்.

இன்றைய காரில் நிறத்தின் மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற படலம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சாலைத் தூசியிலோ குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரணக் கத்தியின் எஃகைவிடக் கூடுதல். அந்த மணலைத் துணிக்கு அடியில் வைத்து இழுத்தால் படலத்தில் நுண்ணிய பள்ளம் விழாமல் என்ன செய்யும்? வெள்ளைப் பெயின்ட் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறவிடுவதால் பள்ளத்தில் பட்டுத் தெறிக்கும் சிறு ஒளி அதில் கரைந்துபோகிறது. கறுப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது பள்ளத்தின் ஓரத்தில் தெறிக்கும் ஒளி மட்டும். அதனால்தான் வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட்டில் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலத் தெரிகிறது.

அந்த வலையின் வட்டங்களைப் பார்த்துவிட்டு ‘வட்டமாகத் துடைத்துக் கெடுத்துவிட்டான்’ என்று வேலைக்காரரைத் திட்டுவது இரு நாட்டிலும் உண்டு. அது நியாயமில்லை. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் வட்டமாகச் சேர்ந்து தெரிகின்றன. நேர்கோட்டில் துடைத்தாலும் மணல் இருந்தால் கீறும். படிந்து கிடக்கும் தூசி கீறுவதில்லை. அதை நகர்த்துவதுதான் கீறுகிறது.

அப்படியானால் தினமும் துடைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய பெயின்ட்டிலிருந்து என்றே நினைக்கிறேன். அம்பாசிடர், பியட் காலத்துப் பெயின்ட்டில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல்தளம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வரும். அடியில் புதிய கறுப்பு பளபளக்கும். யாழ்ப்பாணத்திலும் அதே கதை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்தே பளபளக்க வைத்தார்கள். தேய்ப்பது அன்று பராமரிப்பு. பெயின்ட் மாறிவிட்டது, கை மாறவில்லை.

இதற்கிடையில் இந்தியாவில் கறுப்புக்கு மவுசு கூடிவிட்டது. டாடா 2019இல் ஹேரியரின் ‘டார்க்’ பதிப்பைக் கொண்டுவந்தது. மாருதி 2023 தொடக்கத்தில் நெக்ஸா கார்களுக்குக் கறுப்புப் பதிப்பு வெளியிட்டது. ஆசையாக வாங்கிய அந்தக் கார்களும் அதே வாளிக்கும் அதே துணிக்கும் வந்து சேர்கின்றன. வாளி இல்லாத வீடுகளில் மெழுகு தடவிய நூல் டஸ்டர். தூசி அதில் ஒட்டிக்கொள்ளும், கீறாது என்று நம்பி வாங்குகிறார்கள். மேலாகப் படிந்த மெல்லிய தூசிக்கு அது ஓரளவு உண்மை. மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலையோரம் ஒரு நாள் நின்ற காருக்கு அது பொய். அங்கே படிவது சிமென்ட்டும் மணலும்.

ஆனால் ஒற்றை வாளியைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் குழாய் பத்து நிமிடம் ஓடினாலே நூறு லிட்டர் போய்விடும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் டெல்லியில் குழாய் பிடித்துக் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்றார்கள். இந்த ஊர்களில் போய் ‘இலங்கையைப் போலத் தண்ணீரை அடித்து ஊற்றுங்கள்’ என்று யாரும் சொல்ல முடியாது.

கொழும்பின் நிலை வேறு. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. களனி ஆற்று நீர் அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. உப்பு குறைந்த மென்னீர். சேர்விஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்கி அடிப்பகுதிச் சேற்றை அடித்து இறக்கிய பின், உடலுக்கும் அழுத்த நீர் பீய்ச்சி நுரை போடுகிறார்கள். கை படுவதற்கு முன்பே மணலில் பெரும்பங்கு ஓடிவிடுகிறது. கறுப்புக் காருக்கு வேண்டிய முதல் விஷயம் அதுதான், அதை அவர்கள் வழக்கமாகவே செய்துவிடுகிறார்கள்.

கெடுதல் அடுத்த நிமிடத்தில் தொடங்குகிறது. நுரையைத் தேய்க்கும் ஸ்பொஞ்ச் கதவின் அடி விளிம்பைத் துடைத்துவிட்டு அப்படியே பானெட்டுக்கு ஏறும். முந்தைய வாகனம் வயல் சேறு அப்பிய பிக்கப்பாக இருந்திருக்கலாம். ஸ்பொஞ்சுக்கு அதெல்லாம் தெரியாது. அதன் தட்டையான முகம் மணலை உள்ளே வாங்காமல் பெயின்ட்டோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டு ‘வாட்டர் வாஷ்’ கடைகளிலும் இதே நிலைதான். வேறுபாடு என்னவென்றால், இலங்கையில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடப்பதைச் சென்னையில் தினசரித் துடைப்புக்கு மேல் கூடுதலாகச் செய்கிறார்கள். இரு இடத்துக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீரும் நுரையும் கடையில் அடிக்கட்டும், தேய்க்கும் கையுறையை மட்டும் நாம் கொண்டுபோவோம். நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோபைபர் கையுறை மணலை இழைகளுக்குள் ஏற்றிக்கொள்ளும். முகம் சுளிக்காமல் கேட்டால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை.

இலங்கைக்காரர் காரின் உடலைப் பார்க்கும் பார்வையே கொஞ்சம் கூர்மையானது. அங்கே ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து ஏற்கெனவே ஓடி வந்தவை. வாங்குபவர் ஜப்பானிய ஏலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏ1 என்றால் சிறு கீறல், ஏ3 என்றால் பெரிய கீறல் என்று எண்ணிப் பார்த்தே பேரம் பேசுகிறார். டொயோட்டாவின் 202 எண் கறுப்பு என்றால் பொலிஷ் செய்பவர் ஒரு நிமிடம் யோசிப்பார். எளிதில் கீறல் விழும் பெயின்ட் என்று அதற்குப் பெயர். அதோடு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதிக்கப்பட்டது. இந்த ஐந்தாண்டும் இருந்த காரே சொத்து. விற்றால் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கிடைத்த காலத்தில் பெயின்ட்டின் பளபளப்புக்கும் ஒரு விலை இருந்தது. இந்தியாவில் பழைய கார் விற்பவரிடம் முதல் கேள்வி எத்தனை கிலோமீட்டர், மைலேஜ் என்ன என்பதுதான்.

தண்ணீரைப் பொறுத்தவரை எல்லைக்கோடு பாக் நீரிணையில் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, நீர் கடினம். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் அப்படியே. வெயிலில் சூடேறிய கறுப்புத் தகட்டில் இந்த நீர் நொடியில் காய்ந்து வெள்ளை வட்டங்களைப் பதிக்கும். அதைப் போக்க அழுத்தித் தேய்க்கும்போது விழும் கீறல், தூசியால் விழுந்ததைவிட மோசம். யாழ்ப்பாணத்து நல்லூர்க்காரரும் சென்னை வேளச்சேரிக்காரரும் இதில் ஒரே கட்சி. கொழும்புக்காரருக்கு இந்தக் கவலை குறைவு. ஆகவே காலை வெயில் ஏறுமுன், நிழலில், ஒவ்வொரு பாகமாகக் கழுவி அங்கேயே ஈரம் எடுத்துவிட வேண்டும். சென்னையில் பலர் ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீரைச் சேமித்துக் கார் கழுவுகிறார்கள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்த நீரில். முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம், கடைசி அலசலுக்குக் கூடவே கூடாது. கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீர் இருக்கிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. துணியில் வடிகட்டினால் போதும். யாழ்ப்பாணத்தில் மழைநீர்த் தொட்டி உள்ள வீடுகளுக்கு அந்தக் கவலையும் வேண்டாம்.

சந்தனமும் குங்குமமும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆயுத பூசைக்குச் சென்னையிலும், புதுக் கார் வாங்கிய அன்று நல்லூரிலும் பானெட்டில் பொட்டு வைக்கிறோம். வைப்பதில் தவறே இல்லை. காய்ந்து பொருக்கான சந்தனத்தை மறுநாள் நகத்தாலும் துணியாலும் சுரண்டும்போதுதான் அந்த இடத்தில் மட்டும் அடர்த்தியாகக் கீறல் விழுகிறது. ஈரத்துணியை மேலே போர்த்திச் சில நிமிடம் ஊறவிட்டால் தானே கழன்று வரும். காக்கை எச்சத்துக்கும் அதே வைத்தியம். ஆனால் எச்சத்தை அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் படலத்தை அரிக்கும். தினமும் காரை ஒருவர் பார்ப்பது என்ற சென்னை ஏற்பாட்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

கீறல் விழுந்த பிறகு செய்வதும் இரு கரையிலும் ஒன்றே. அங்கே ‘கட் அன் பொலிஷ்’, இங்கே ‘ரப்பிங், பாலிஷிங்’. இரண்டும் பள்ளத்தின் ஆழம்வரை கிளியர் கோட்டைச் சீவி எடுப்பவை. 40 மைக்ரான் படலத்தை ஆண்டுக்கு ஆண்டு சீவினால் எத்தனை ஆண்டுக்குத் தாங்கும்? கூரையிலும் பானெட்டிலும் பெயின்ட் வெளிறி உரிந்து நிற்கும் கார்களை இரு நாட்டிலும் பார்க்கிறோம். அவற்றில் சில வெயில் தின்றவை, சில பாலிஷ் தின்றவை. மலிவான கடைகளில் எண்ணெய்ப் பசையால் பள்ளத்தை நிரப்பி மறைத்தும் விடுவார்கள். நாலு தடவை கழுவியதும் வலை திரும்பிவிடும்.

சென்னையில் கறுப்புக் கார் வைத்திருப்பவருக்கு என் யோசனை, காலைத் துடைப்பவரை நிறுத்துவது அல்ல. அவர் வேலையை மாற்றுவது. சம்பளத்தைக் குறைக்காமல், கண்ணாடிகளையும் எச்சம் விழுந்த இடங்களையும் மட்டும் தினமும் பார்க்கச் சொல்லலாம். உடலை வாரம் ஒருமுறை கழுவினால் போதும். மாடித் தோட்டத்துக்குப் பயன்படும் கைப்பம்பு ஸ்பிரேயர் ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். கார் ஷாம்பு கலந்த நீரை அதில் அடித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு அலச வேண்டும். துணி துவைக்கும் தூளும் தலைக்குப் போடும் பாக்கெட் ஷாம்பும் வேண்டாம்; தூள் மெழுகுப் பூச்சைக் கழற்றிவிடும். கையுறையை அலச ஒரு வாளி, ஷாம்புக்கு ஒரு வாளி. கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும், கதவின் அடிப்பகுதி கடைசியில். தண்ணீர் அதற்கும் போதாத வீட்டில் அலசாமல் கழுவும் கரைசல்கள் கிடைக்கின்றன. அரை வாளியில் வேலை முடியும், ஆனால் ஏழெட்டு மைக்ரோபைபர் துணி வேண்டும். மடித்த துணியின் ஒரு முகம் ஒரு இழுப்புக்கு மட்டும்.

ஈரம் எடுக்கப் பழைய பனியனோ சாரமோ உதவாது. தையலும் மடிப்பும் கீறும். பெரிய மைக்ரோபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு உறை போடுவதையும் மறுபடி யோசிக்கலாம். ஆடிக்காற்றிலும் யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றிலும் படபடக்கும் உறை, உள்ளே புகுந்த மணலை நாள் முழுக்கப் பெயின்ட்டில் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

துணிகளை வீட்டுத் துணியோடு போடாமல் தனியாகத் துவைக்க வேண்டும், மொட்டை மாடித் தரையில் விரிக்காமல் கொடியில் காயப்போட வேண்டும். கழுவும்போது கீழே விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடரக் கூடாது. அது அன்றைக்குச் சக்கரத்துக்குப் போகட்டும்.