செவிவழி வளர்ந்த இலக்கியம்

இலக்கியம் எனில் அச்சேறிய நூலே என்னும் எண்ணம் கல்விக்கூடங்களில் வேரூன்றியுள்ளது. கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் தமிழர், செவிவழி வளர்ந்த இலக்கியத்தை ஆராயாது விடுத்தமை வியப்புக்குரியது. சிங்கப்பூர் வானொலியின் தமிழ் நாடகங்கள் அவ்வாறு விடுபட்டவற்றுள் தலையாயவை.

1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பெற்றது. போருக்குப்பின் 1946இல் மலாயா வானொலி தோன்றியது. 1959இல் அது பிரிந்து ஒரு பகுதி கோலாலம்பூர் செல்ல, சிங்கப்பூர் வானொலி தனித்து இயங்கலாயிற்று. ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழுக்கும் அங்கு இடமிருந்தது.

அந்நாளைய ஒலிபரப்பு மத்திய அலையைச் சார்ந்தது. பகலில் நிலத்தை ஒட்டிப் பரவும் அவ்வலை, இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைவிலும் கேட்கும். எனினும் நுண்ணிய உயரொலிகள் அதில் மழுங்கும். இடியும் மின்னலும் இரைச்சலாய்க் குறுக்கிடும். எனவே நீண்ட வாக்கியமும் அடுக்குமொழியும் அங்கே எடுபடமாட்டா. மேடைத் தமிழின் ஆரவாரத்தைக் களைந்து, சிறு வாக்கியங்களில் உணர்ச்சியைப் பொதியும் உரையாடலை வானொலி வேண்டி நின்றது.

இத்தேவையை நிறைவு செய்தோருள் புதுமைதாசன் எனும் புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர், 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். இவருடைய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' தொடர் நாடகம், 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய புதிய வாழ்வைக் களமாகக் கொண்டது. கம்பத்துக் குடிசையிலிருந்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்த தலைமுறைக்கு, அண்டை வீட்டார் சுவருக்கு அப்பாலும் மாடிக்கு மேலும் வாழ்பவராயினர். பார்க்க இயலாது கேட்க மட்டுமே இயலும் அவ்வுறவைக் காட்டுதற்கு வானொலியினும் ஏற்ற கலை வேறில்லை. களமும் கருவியும் இவ்வாறு பொருந்தியமையே இந்நாடகத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

வானொலித் தொடர்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. வாரந்தோறும் குறித்த நேரத்தில் கதை முடிதல் வேண்டும். முந்தைய வாரம் கேளாதவருக்கும் அது விளங்குதல் வேண்டும். அதனால் மாந்தர் படிப்படியாக மாறி வளர்தற்கு வாய்ப்புக் குறைவு. ஆயினும் இக்குறை அக்கலை வடிவத்திற்கு உரியது. நாவலுக்குரிய அளவுகோலால் அதனை அளத்தல் முறையன்று.

அண்ணாசாமி பின்னாளில் நூலுருப் பெற்றது நற்பேறு. அச்சேறாத நாடகம் ஒலிபரப்பான அன்றே காற்றில் கரைந்துவிடும். அதனோடு அக்காலப் பேச்சுத் தமிழின் சான்றும் மறையும். எஞ்சிய கையெழுத்துப் படிகளைத் தேடித் தொகுப்பது ஆசிரியர்தம் கடன். அவற்றை வகுப்பறையில் மாணவர் உரக்கப் படித்து நடித்தல் வேண்டும். செவிக்கென எழுந்த இலக்கியம் செவிவழியே மீளும்போதுதான் அதன் உண்மை மதிப்புப் புலனாகும்.