பொம்மைக்கு இடும் புள்ளி: சிற்றுருவ அணிகளின் தோற்றத்தை மதிப்பிடுதல் பற்றி ஒரு நோக்கு

கலைப்பொருள் ஒன்றைச் சுவைத்தல் வேறு. அதற்குப் புள்ளி இடுதல் வேறு. சுவைப்பவன் தன் மனத்துக்கு மட்டுமே பொறுப்புடையவன். புள்ளி இடுபவனோ, தான் இட்ட எண்ணுக்குக் காரணங்காட்டக் கடமைப்பட்டவன். இவ்வேறுபாடு நம்மிடையே போதிய அளவு உணரப்படவில்லை. நவராத்திரிக் காலத்தில் பாடசாலைகளின் வாணி விழாக்களையொட்டி வைக்கப்படும் கொலுப் போட்டியை எடுத்துக்கொண்டு, சிற்றுருவங்களின் தோற்றம் எவ்வாறு மதிப்பிடப்படுகின்றது, எவ்வாறு மதிப்பிடப்படல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா என்னுள் எழுந்த இடம் பசறைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்று. இல்லங்களுக்கிடையிலான கொலுப் போட்டிக்கு எங்கள் இல்லத்தார் கொழுந்து நிறுவைக் காட்சி ஒன்றைச் செய்தோம். பெண்கள் எண்மர், கங்காணி, கணக்கப்பிள்ளை, தராசு பிடிப்பவர் எனப் பதினோர் உருவங்கள். ஓடைக்கரை மண்ணிற் பிசைந்து, செங்கற்பொடியாலும் சுண்ணாம்பாலும் நிறந்தீட்டி, கிழிந்த படங்கிலிருந்து இடுப்புத் துணியும் கொங்காணியும் வெட்டி அணிவித்தோம். ஒவ்வொருத்தி கையிலும் ஈர்க்கில் அளவிலான மட்டக்கம்பு இருந்தது. மற்றோர் இல்லத்தார் கடையில் வாங்கிய, மினுக்கம் மிக்க கிரிக்கெட் அணியொன்றை வைத்தனர். அதிலும் பதினொருவரே. அழகுக்கு 40, ஒழுங்குக்கு 30, மரபுக்கு 20, விளக்கத்துக்கு 10 என வகுக்கப்பட்ட தாளில் அவர்களே வென்றனர். நடுவர் ஒருவர் எங்கள் உருவங்களைக் கண்டு, “கொலுவிலே கூடைக்காரிகளுக்கு என்ன வேலை?” எனச் சிரித்தவாறே வினவினார். தோல்வி மறந்துபோயிற்று, அவ்வினா மறக்கவில்லை.

முதலில் மரபு என்னும் அளவுகோலை நோக்குவோம். கொலுப்படிகள் ஒற்றைப்படை எண்ணில் அமைவன. கீழ்ப்படிகளில் உயிரினங்களும் மாந்தரும், அவற்றுக்கு மேல் முனிவரும் அடியாரும், உச்சியில் தெய்வங்களும் இடம்பெறுவது பொதுவழக்கு. மாந்தர்க்குரிய படியில் செட்டியாரும் அவர் மனைவியும் அரிசி பருப்பு விற்கும் கடையோடு வீற்றிருப்பது பழைய வழக்கமாகும். அதாவது, உழைத்தும் விற்றும் வாழும் மனிதர்க்குக் கொலு தொன்றுதொட்டே இடமளித்துள்ளது. பண்ணுருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களிற் பொம்மை செய்வோரும் கல்யாண ஊர்வலம், சந்தை, கிரிக்கெட் எனக் காலத்துக்கேற்பப் புதிய தொகுதிகளை ஆக்கி வந்துள்ளனர். மட்டைபிடிக்கும் பதினொருவர்க்கு மரபிற் புள்ளி உண்டெனில், கொழுந்தெடுக்கும் எண்மர்க்கு அது மறுக்கப்படுவதற்கு மரபு காரணமாகாது. மரபைப் பற்றிய அறியாமையே காரணமாகும். ஈழத்துத் தமிழிலக்கியத்தில் 1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்திலும், உழைப்பாளர் பேச்சு இலக்கியத்தில் இடம்பெறலாமா என்பதே வழக்காயிருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவ்வழக்கு இலக்கியத்தில் தீர்ந்துவிட்டது. கொலுப்படியில் இன்னும் தீரவில்லை.

அடுத்துத் தோற்றம். சிற்றுருவ அணிகளின் தோற்றத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் மேனாட்டு மேசைப்போர் விளையாட்டுகளிலும் உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற நூலை எழுதி, பொம்மைப் போர்வீரரைக் கொண்டு விளையாடுதற்கு விதிகள் வகுத்தார். 1975இல் இங்கிலாந்தில் தோன்றிய கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘பிளட் போல்’ என்னும் விளையாட்டில், களத்தில் நிற்பதும் பதினொருவர் கொண்ட அணியே. உருவங்களுக்கு நிறந்தீட்டுவது ஆடுவோரின் பொறுப்பு. ஆதலின், ஆட்டத்தில் வல்லவனுக்கும் தீட்டுவதில் வல்லவனுக்கும் பரிசு எவ்வாறு பங்கிடப்படல் வேண்டும் என்ற சிக்கல் அங்கு எழுந்தது.

அவர்கள் கண்ட தீர்வுகளுள் இரண்டு நமக்குப் பயன்படுவன. ஒன்று, குறைந்தபட்ச நிறைவுக்கு மட்டும் புள்ளி வழங்குதல். ‘வோர்ஹாமர் 40,000’ விளையாட்டின் 2020ஆம் ஆண்டு ஒன்பதாம் பதிப்பில், நூறு புள்ளிகளுள் பத்து, படை முழுவதும் நிறந்தீட்டப்பட்டிருப்பதற்கென ஒதுக்கப்பட்டது. நுண்மையாகத் தீட்டியவனுக்கும் எளிமையாகத் தீட்டியவனுக்கும் அப்பத்தும் ஒன்றே. மற்றையது, கலைத்திறனுக்கெனத் தனிப் போட்டி நடத்துதல். 1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ போட்டி அத்தகையது. அங்குக் கை வேலையே பேசும். முடிக்கப்பட்டதா என்ற வினாவும் சிறந்ததா என்ற வினாவும் இவ்வாறு பிரிக்கப்பட்டன. முதல் வினாவுக்கு ஆம், இல்லை என விடை கூறலாம். இரண்டாவதற்குக் கண்ணும் பயிற்சியும் வேண்டும். எங்கள் புள்ளித்தாளோ இரண்டையும் ‘அழகு’ என்னும் ஒரே சொல்லுள் அடைத்து, அதற்கு நாற்பது புள்ளியும் ஈந்தது.

மற்றொரு சிக்கலும் உண்டு. தீட்டியவர் யார்? பிறருக்குக் கூலி கொடுத்துத் தீட்டுவித்த அணியை ஒருவன் தனதெனக் காட்டலாமா என்பது மேசைப்போர் விளையாட்டினரிடையே நெடிது விவாதிக்கப்படும் பொருள். அணியைக் கொண்டு ஆடலாம், ஆயின் தீட்டலுக்கான பரிசு தீட்டியவனுக்கே உரியது என்பதே நியாயமான முடிவு. கொலுவுக்கும் இதனைப் பொருத்தலாம். வாங்கிய பொம்மையை வைப்பது குற்றமன்று. தேர்ந்தெடுத்தலும் அடுக்குதலும் திறமைகளே. அவற்றுக்குப் புள்ளி தரலாம். ஆனால் விளாச்சேரிக் கைவினைஞனின் தூரிகைக்கு உரிய புள்ளியைப் பாடசாலை மாணவன் பெறுவது முறையன்று.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஏழை மாணவர்க்கு இரங்கிப் புள்ளி வழங்கக் கோருகின்றாயோ என வினவலாம். அன்று. பொதுவாகப் 10 அடிக்கு 12 அடியான லயத்துக் காம்பராவில் வாழ்வோர்க்குப் படிகட்டிக் கொலு வைக்க இடமில்லை என்பது உண்மையே. எனினும் வறுமை கலைத்தகுதி ஆகாது. இரக்கத்தால் இடப்படும் புள்ளி, ஏளனத்தால் மறுக்கப்படும் புள்ளியினும் தாழ்ந்தது. எங்கள் உருவங்களிலும் குறைகள் இருந்தன. மண் சரியாக உலராமையால் இரண்டு பெண்களின் கழுத்து வெடித்திருந்தது. தராசு, பிடித்தவரின் தலையினும் பெரிதாயிருந்தது. இவற்றுக்காகப் புள்ளி குறைத்திருப்பின் முறையிட ஒன்றுமில்லை. செய்நேர்த்தியின் குறை வேறு, விலைமதிப்பின் குறை வேறு. முன்னதைக் காண்பவன் திறனாய்வாளன். பின்னதை மட்டுமே காண்பவன் கடைக்காரன்.

அவ்வாறாயின் தோற்றத்தை எதைக்கொண்டு அளப்பது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். அகத்து நிகழும் உணர்வு புறத்து மெய்யிற் புலப்படுவதே மெய்ப்பாடு. பொம்மைக்கு அகமில்லை, ஆயின் செய்தவனுக்கும் காண்பவனுக்கும் உண்டு. நிறுவைக்குக் கூடையை இறக்கும் பெண்ணின் தோள் சற்றே சரிந்திருந்தால், கங்காணியின் முகம் தராசை நோக்காமல் அவளை நோக்கியிருந்தால், அவ்விரு பொம்மைகளுக்கு இடையே ஒரு கதை நிகழ்ந்துவிடுகின்றது. உருவங்கள் தனித்தனியே அழகாயிருத்தலினும், தம்முள் உறவுடையனவாய் நிற்றலே அணிக்கு உயிர். ‘அணி’ என்னும் சொல்லே வரிசையையும் அழகையும் ஒருங்கே குறிப்பது கருதத்தக்கது.

எனவே நடுவர் நான்கு வினாக்களை முறையே எழுப்புதல் வேண்டும். எடுத்த காட்சி முடிக்கப்பட்டுள்ளதா? செய்தது யார் கை? உருவங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா? அவை காட்ட முயன்ற வாழ்வைக் காட்டினவா? முதலிரண்டும் விசாரணைக்குரியவை, பின்னிரண்டும் திறனாய்வுக்குரியவை. இவற்றுக்கான புள்ளிகள் போட்டிக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். முடிவின்போது காரணங்கள் மாணவர்க்குக் கூறப்படலும் வேண்டும். காரணங் கூறப்படாத புள்ளி, எவ்வளவு பெரிதாயினும், எதனையும் கற்பிப்பதில்லை.

நமுனுகுலை மலைச்சரிவுகளில் இன்றும் பெண்கள் கூடை சுமந்து நிறுவைக்கு வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் களிமண்ணிற் செய்யும் முதல் உருவம் தாயின் உருவமாயிருப்பின் அதில் வியப்பில்லை. அவ்வுருவத்தின் கழுத்து ஏன் வெடித்தது என்று நடுவர் அப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அவள் ஏன் அப்படியில் நிற்கின்றாள் என்று மட்டும் வினவாதிருப்பாராக.