பதினோராவது பொருத்தம்

பத்துப் பொருத்தம் பார்த்தாயிற்று, இனி ரத்தப் பொருத்தமும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். திருமணத்துக்கு முன் ஆண், பெண் இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது நம்மிடையே முற்போக்கான பேச்சாகவே புழங்குகிறது. ஜாதகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அறிவியலைக் கையில் எடுப்பதாகச் சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் பார்க்கிற வரையில் ஜாதகம் எங்கேயும் போய்விடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதோடு சேர்த்துக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சீட்டு யார் கையில் போய்ச் சேருகிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து இதைப் பேசத் தனிக் காரணம் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்தவர்களின் சந்ததியினர் பலர் இன்றும் இங்கே பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழ்கிறார்கள். 'பிரெஞ்சு நேஷனாலிட்டி' வரன் என்றால் கல்யாணச் சந்தையில் அதற்குத் தனி விலை. அந்தப் பிரான்சில் திருமணத்துக்கு முந்தைய மருத்துவச் சான்றிதழ் அறுபத்தைந்து ஆண்டுகள் கட்டாயமாக இருந்தது. 1942 டிசம்பரில், ஹிட்லரோடு ஒத்துழைத்த விஷி அரசு கொண்டுவந்த சட்டம் அது. 'தரமான' மக்களைப் பெருக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுவாதிகள் 1920களிலிருந்தே கேட்டுவந்த சட்டம். புதுச்சேரி 1940 செப்டம்பரிலேயே விஷியை விட்டு தெகோலின் பக்கம் போய்விட்டது. பிறகு விஷி அரசும் வீழ்ந்தது, சட்டம் வீழவில்லை. 2007 டிசம்பரில்தான் அதை நீக்கினார்கள்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் நோயின் பெயர் இருக்காது. 'இவர் பரிசோதிக்கப்பட்டார்' என்பது மட்டுமே இருக்கும். முடிவை மருத்துவர் பரிசோதிக்கப்பட்டவரிடம் மட்டும்தான் சொல்வார். மேயரும் கேட்க முடியாது, மாமனாரும் கேட்க முடியாது. இனமேம்பாட்டின் வயிற்றில் பிறந்த சட்டம்கூட தனி ஆளுக்கு விட்டுவைத்த இந்த மறைவு, நம் வீட்டுக் கூடத்தில் இல்லை. இங்கே சீட்டு அப்பாவிடமிருந்து சம்பந்தி கைக்குப் போகிறது. தரகர் பார்க்கிறார், அத்தை பார்க்கிறாள். 'பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?' என்ற கேள்வியில் பெண்ணுடல் முழுக்கத் திறந்து வைக்கப்படுகிறது. 'மாப்பிள்ளைக்கு எடுத்தீங்களா?' என்று திருப்பிக் கேட்டால் சம்பந்தமே முறிந்துபோகும்.

நீதிமன்றமும் இந்தக் கூடத்துக்கு வெளியே நிற்கவில்லை. 1995இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் உறவினருக்காக ரத்தம் கொடுக்கப் போன நாகாலாந்து ஆணுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. தகவல் கசிந்து அவர் கல்யாணம் நின்றது, ஊரும் அவரைத் தள்ளிவைத்தது. ரகசியத்தை வெளியிட்டதற்காக நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை மீது தவறில்லை என்றதோடு, நோய் குணமாகும் வரை அவருடைய திருமண உரிமையே நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் சொல்லிவிட்டது. கேட்டது ரகசியத்தைப் பற்றி, கிடைத்தது கல்யாணத் தடை. அந்தக் கருத்துகள் வழக்குக்குத் தேவையற்றவை என்று அதே நீதிமன்றம் சொல்ல 2002 ஆயிற்று. அப்படியும் கட்டாயப் பரிசோதனை ஆசை அடங்கவில்லை. 2014இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஆண்மைக் குறைவு போன்றவற்றுக்கான பரிசோதனையைத் திருமணத்துக்கு முன் ஏன் கட்டாயமாக்கக் கூடாது என்று அரசுகளைக் கேட்டார்.

பரம்பரை நோய் என்று வரும்போது இந்தச் சொல்லாடல் எதைப் பேசாமல் விடுகிறது என்பது இன்னும் முக்கியம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. 'சொந்தத்துல கட்டாதீங்க' என்று மருத்துவர்கள் சொல்வது சரி. ஆனால் சொந்தத்தைத் தாண்டினால் சாதி என்கிற பெரிய வேலி நிற்கிறது. 2017இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில், ஒரு சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணந்துகொண்டதன் தடயம், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. சாதியின் சாரமே அகமணம்தான் என்று அம்பேத்கர் எழுதியது 1916இல். அதை இன்று ரத்தமே சொல்கிறது. ஆனாலும் எந்தப் பரிசோதனைக்கூடமும் 'சாதி மாறிக் கட்டுங்கள்' என்று சீட்டில் எழுதித் தருவதில்லை. வேலியை அப்படியே விட்டுவிட்டு வேலிக்குள் நல்ல ரத்தம் பொறுக்குவதற்குத்தான் அறிவியல் இங்கே தேவைப்படுகிறது.

பெண்ணியத் தோழர்கள் இதற்கு ஒரு எதிர்க்கேள்வி வைத்திருக்கிறார்கள்: புருஷன் மறைத்ததால் நோய் வாங்கிய பெண்களுக்கு உன் பதில் என்ன? நியாயமான கேள்வி. கணவனைத் தவிர வேறு ஆணை அறியாமலே எச்.ஐ.வி. வந்த மனைவிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களிடம் போய் ரகசியம் புனிதமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டாயச் சான்றிதழ் அவர்களைக் காப்பாற்றாது. அது கல்யாணத்துக்கு முந்தைய ஒரு நாளின் கணக்கு. புருஷனிடமிருந்து வருகிற தொற்று பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ஆணுறை கேட்கும் பலம் இல்லாத பெண்ணுக்கு அலமாரியில் இருக்கும் சீட்டால் என்ன பயன்? 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், தகவலறிந்த சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது. துணைவருக்கு ஆபத்து இருந்து, சம்பந்தப்பட்டவர் சொல்ல மறுத்தால், மருத்துவரோ ஆலோசகரோ துணைவரிடம் தெரிவிக்கவும் வழி வைத்திருக்கிறது. துணைவரிடம்தான்; குடும்பத்திடம் அல்ல.

ஆகவே நான் பரிசோதனைக்கு எதிரி அல்ல. விரும்பி வரும் இருவருக்கும் அரசு மருத்துவமனையில் இலவசமாக நடக்கட்டும். முடிவு அவரவர் கைக்கு மட்டும் போகட்டும். பிறகு இருவரும் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசட்டும். கட்டுவதா வேண்டாமா என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும். பெற்றோர் வெளியே பெஞ்சில் காத்திருக்கட்டும். இதற்கு முதலில் அந்த இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அதை அனுமதிக்காத வீடுகள் பரிசோதனையை மட்டும் இவ்வளவு வேகமாக வரவேற்பது ஏன் என்பதை நாம் விவாதிக்க வேண்டும்.