ஒளியலையில் சிதறும் எலக்ட்ரான்: மரபுகளும் உரைகல்லும்

வெட்டவெளியில் தனித்துச் செல்லும் எலக்ட்ரானால் ஓர் ஒளித்துகளை விழுங்க முடியாது. ஆற்றல் கணக்கும் உந்தக் கணக்கும் ஒருசேர நேராவதில்லை. அருகில் அணு ஒன்று இருந்தால், உந்தத்தின் மிச்சத்தை அது ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் லேசர் ஒளியில் அணுமீது மோதிச் சிதறும் எலக்ட்ரான் ஒளித்துகள்களை வாங்கவும் கொடுக்கவும் செய்கிறது.

இச்சிதறலை ஆராயும் துறையில் மூத்தது சோவியத் மரபு. ஒளியலையில் ஊசலாடும் எலக்ட்ரானுக்கு வோல்கோவ் 1935-இல் கண்ட தீர்வைக் கொண்டு, வேகமான எலக்ட்ரான்களின் சிதறலை 1966-இல் புங்கினும் ஃபெதரோவும் கணக்கிட்டார்கள். அடுத்தது 1973-இல் குரோலும் வாட்சனும் தொடங்கிய மரபு. ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரானின் ஆற்றலைவிட மிகச் சிறிதாக இருந்தால், லேசர் இல்லாத சிதறல் அளவை பெசல் சார்பு என்னும் கணிதச் சார்பின் இருமடியால் பெருக்கினாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இந்த எளிய சூத்திரமே இன்றுவரை துறையின் உரைகல்.

ஆய்வகம் அதை உரசிப் பார்த்தது. 1976-இல் ஜெர்மனியில் ஆண்ட்ரிக்கும் லாங்ஹான்ஸும் கார்பன் டை ஆக்சைடு லேசரை ஏவி, ஆர்கான்மீது சிதறிய எலக்ட்ரான்களில் ஓர் ஒளித்துகளின் கைமாற்றைக் கண்டார்கள். மறு ஆண்டே கனடாவில் வைன்கார்ட்ஸ்ஹோஃபர் குழு ஒன்றுக்கு மேற்பட்ட ஒளித்துகள்கள் கைமாறுவதைப் பதிவு செய்தது. ஆற்றல் வரைபடத்தின் நடுவில் ஒரு முகடு. அதன் இருபுறமும் 0.117 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியில் வரிசையாகத் துணை முகடுகள். இவை அனைத்தையும் கூட்டினால், லேசர் இல்லாதபோது கிடைத்த அளவே வரவேண்டும் என்பது சூத்திரம் விதிக்கும் தரம்.

அந்தச் சூத்திரம் சறுக்கும் இடமும் உண்டு. சிறு கோணச் சிதறலில், ஒளியின் மின்புலத் திசைக்கு உந்த மாற்றம் செங்குத்தாக அமையும்போது, ஒளித்துகள் ஏறத்தாழ ஏதும் கைமாறாது என்கிறது சூத்திரம். 1993-இல் வால்பேங்க்கும் ஹோம்ஸும் அளந்ததோ, அது கணித்ததைவிடப் பன்மடங்கு அதிகம். விவாதம் சூடுபிடித்தது.

மூன்றாவது மரபு அணுவையும் கணக்கில் சேர்க்கிறது. லேசர் எலக்ட்ரானை ஆட்டுவதோடு நில்லாமல், அணுவின் எலக்ட்ரான் முகிலையும் உருக்குலைக்கிறது என்று 1984-இல் பைரனும் ஜோஷானும் அதைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். டோக்கியோவில் கன்யா, மொரிமோட்டோ, யமனூச்சி ஆகியோர் 2010-இல் ஃபெம்டோ நொடி லேசர் துடிப்புகளில் செனான்மீது இச்சிதறலைக் கண்டார்கள். 2015-இல் மிகச் சிறு கோணத்தில் அந்த உருக்குலைவின் தடத்தையும் பிடித்தார்கள்.

புதிய கோட்பாடு எதுவானாலும், பழைய சூத்திரம் வென்ற இடத்தில் அதனோடு ஒத்துப்போக வேண்டும். அது தவறிய கோணத்தில் அளவீட்டோடு பொருந்த வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்குவதுதான் இத்துறையின் கண்ணியம்.