துப்பறிவாளன் (திரைப்படம்): ஒரு திறனாய்வு

துப்பறிவாளன், மிஷ்கின் இயக்கத்தில் 2017 செப்டம்பரில் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். விஷால் தனியார் துப்பறிவாளர் கணியன் பூங்குன்றனாகவும், பிரசன்னா அவருடைய நண்பர் மனோகராகவும், வினய் கூலிக்கொலைக் கும்பலின் தலைவனாகவும் நடித்துள்ளனர். நாயகன் பாத்திரம் ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்சைத் தழுவியது.

பின்னணி

தமிழ்த் திரையில் குற்றத்தை ஆராய்பவர் பெரும்பாலும் காவல்துறையினரே. மிஷ்கினின் யுத்தம் செய் (2011) படத்தின் நாயகனும் சிபிசிஐடி அதிகாரிதான். நாவல்களில் நிலை வேறு. தமிழ்வாணனின் சங்கர்லாலும், திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா படைத்த வழக்கறிஞர்கள் கணேஷ்–வசந்தும் வாசகர்களுக்கு நெருக்கமானவர்கள். அறிவாளி ஒருவர், உடன் ஒரு துணைவர் என்ற அந்த அமைப்பே இப்படத்திலும் உள்ளது.

நாயும் கொலைகளும்

பெரும் பணக்காரர்களின் வழக்குகளை ஏற்க மறுக்கும் கணியன், தன் நாய்க்குட்டியைக் கொன்றவரைக் கண்டுபிடிக்கக் கேட்டுவரும் சிறுவனின் வழக்கை ஏற்கிறார். அந்தச் சிறிய நூலைப் பிடித்துச் சென்றால் ஒரு கொலைக் கும்பல் சிக்குகிறது. விபத்தாகவும் இயற்கைச் சீற்றமாகவும் தோன்றும்படி கொலை செய்வதே அக்கும்பலின் தொழில். மின்னல் தாக்கி இறந்ததாக நம்பப்பட்டவர்களின் சாவும் திட்டமிட்ட கொலை என்று தெரியவருகிறது.

படத்தின் பொருள் இங்குதான் இருக்கிறது. கும்பலுக்கு ஒவ்வோர் உயிருக்கும் ஒரு விலை உண்டு. சிறுவனுக்கோ நாயின் உயிர் விலைமதிப்பற்றது. உலகத்தார் அனைவரையும் உறவாகக் கண்ட சங்கப் புலவரின் பெயரை நாயகனுக்குச் சூட்டியது இதனால் பொருத்தமாகிறது.

அறிவும் கைபலமும்

1941இல் வெளிவந்த தி மால்டீஸ் ஃபால்கன் போன்ற அமெரிக்க ‘நுவார்’ படங்களில் வரும் துப்பறிவாளர், சீரழிந்த நகரத்தில் தனித்து நிற்கும் கடின மனிதர். ஹோம்சோ தடயங்களைக் கொண்டு காரணம் காண்பவர். மிஷ்கின் இருவரையும் ஒருவராக்க முயல்கிறார். முற்பாதியில் முயற்சி பலிக்கிறது. சிறு தடயம் அடுத்த தடயத்துக்கு வழிகாட்ட, பார்வையாளரும் உடன் சிந்திக்கிறார். பிற்பாதியில் சண்டைகள் பெருகுகின்றன. சீன உணவகச் சண்டை நேர்த்தியாகப் படமாக்கப்பட்டிருந்தாலும், சிந்தனை செய்ய வேண்டிய வேலையை அங்கே கைகால்கள் செய்துவிடுகின்றன.

குறை

பெரிய குறை மல்லிகா (அனு இம்மானுவேல்) பாத்திரம். பிக்பாக்கெட் தொழிலிலிருந்து மீட்கப்படும் அவளைக் கணியன் அதட்டி, வீட்டு வேலை செய்ய வைக்கிறார். படம் அதை நகைச்சுவையாகக் கொள்கிறது. பின்னர் அவள் கொல்லப்படும்போது அந்தச் சாவு நாயகனின் கோபத்துக்குக் காரணமாகவே பயன்படுகிறது. நாய்க்குட்டியின் சாவுக்கு விடை தேடிய அதே படம், மல்லிகாவின் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

மதிப்பீடு

தனியார் துப்பறிவாளரை நாயகனாக்கி, பாடல்களை நம்பாமல் கதை சொன்ன வகையில் துப்பறிவாளன் குறிப்பிடத்தக்க முயற்சி. இதைப் பார்க்கும் மாணவர்கள் சண்டைக் காட்சிகளைவிட, ஒரு நாயின் சாவிலிருந்து கணியன் கொலைகாரர்களை எவ்வாறு நெருங்குகிறார் என்பதைப் படிப்படியாகக் கவனித்தால் படத்தின் பலமும் பலவீனமும் விளங்கும்.