புள்ளியைப் பிடிப்பவர்களும் தலையை எண்ணுபவர்களும்

1

ஆன்லைன் சண்டை விளையாட்டுகள் குறித்து நம்மிடையே இரண்டே பேச்சுகள்தான் புழக்கத்தில் உள்ளன. ஒன்று ஒழுக்கவாதியின் பேச்சு: 'பசங்க கெட்டுப் போறானுங்க.' மற்றொன்று தோழர்களின் பேச்சு: 'உழைப்பாளியின் மிச்ச நேரத்தையும் மூலதனம் உறிஞ்சிக்கொள்கிறது.' இரண்டாவது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டிலுமே ஆட்டம் என்கிற பிரதி வாசிக்கப்படவில்லை. ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிற ஓர் இளைஞன், ஒன்றரை ஷிப்ட் முடித்து, கை ஓய்ந்து வந்த பிறகும் செல்போனைத் திறந்து நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்கிறான் என்றால், அங்கே என்னதான் நடக்கிறது? 'போதை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டை வர்க்கத்தோடும் நிறத்தோடும் காலனியத்தோடும் சேர்த்து வாசித்து 1963இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார் சி.எல்.ஆர். ஜேம்ஸ். டிரினிடாடில் பிறந்த மார்க்சியர் அவர். விளையாட்டை அரசியலுக்கு வெளியே நிறுத்திவைக்க அவர் சம்மதிக்கவில்லை. அதே சமயம் ஆட்டத்தின் நுணுக்கங்களை அறியாமல் அதன் அரசியலைப் பேசவும் துணியவில்லை. நமக்கும் அந்த வரிசை வேண்டும். முதலில் ஆட்டம். பிறகு அரசியல்.

2

2019இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி மொபைல்' ஆட்டத்தில் 'ஹார்ட்பாயிண்ட்' என்று ஒரு வகை உண்டு. பக்கத்துக்கு ஐந்து பேர். வரைபடத்தில் ஓர் இடம் குறிக்கப்படும். அதற்குள் உங்கள் ஆள் நின்றால் நொடிக்கு ஒரு புள்ளி. எதிராளியும் உள்ளே புகுந்துவிட்டால் யாருக்கும் புள்ளி இல்லை. ஒரு நிமிடம் ஆனதும் அந்த இடம் வேறெங்கோ நகர்ந்துவிடும். 150 புள்ளியை முதலில் தொடுகிற அணிக்கு வெற்றி. இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பதற்கு வெற்றிக் கணக்கில் நேரடியான இடமே கிடையாது என்பதை. செத்தவன் சில நொடிகளில் திரும்ப எழுந்து வருகிறான். முப்பது பேரைச் சுட்டவன் தோற்ற அணியில் இருக்கலாம், இருக்கிறான்.

புது அணிகள் தோற்பதற்கான காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். ஐந்து பேரும் ஐந்து தனி ஆட்கள். செத்து எழுந்தவுடன் ஒவ்வொருத்தனாகப் பாயிண்டை நோக்கி ஓடுகிறான், ஒவ்வொருத்தனாக விழுகிறான். தேர்ந்த அணி அப்படி ஓடுவதில்லை. 'இரு, மூணு பேர் சேரட்டும்' என்று காத்திருக்கிறது. முதலில் நுழைகிறவன் விழலாம். ஆனால் அவனை வீழ்த்தியவன் எங்கிருக்கிறான் என்பது அந்த நொடியில் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது ஆள் அவனைப் பார்த்துக்கொள்வான். முதல் ஆளின் சாவு இங்கே வீணல்ல, ஒரு தகவல்.

அடுத்தது நகர்வு. பாயிண்ட் மாறுவதற்குப் பத்துப் பதினைந்து நொடி இருக்கும்போதே இரண்டு மூன்று பேர் இப்போதைய இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கையிலிருக்கிற பத்துப் புள்ளியைக் கைவிட்டு, வரப்போகிற நாற்பதுக்கு முன்கூட்டியே இடம்பிடிப்பது. பதற்றமான அணிக்கு இது வரவே வராது. கையில் இருப்பதை விட மனசு வராமல், ஐந்து பேரும் கடைசி நொடி வரை ஒரே இடத்தில் அடைந்துகிடந்து, அடுத்த இடத்துக்கு இரண்டாவதாகப் போய்ச் சேருகிறார்கள்.

மூன்று கொடிகளைப் பிடிக்கிற 'டாமினேஷன்' வகையில் இன்னொரு பாடம். இரண்டு கொடி கையில் இருந்தால் போதும், நேரம் ஜெயித்துக் கொடுத்துவிடும். ஆசைப்பட்டு மூன்றாவதையும் பிடித்தால் எதிராளி செத்து எழுகிற இடம் மாறிவிடுகிறது; நம் முதுகுக்குப் பின்னால் வந்து முளைப்பான். 'எச்சாப் போகாதே' என்று கத்துகிற குரல் இதற்காகத்தான்.

இந்த அறிவு நமக்குப் புதிதா? ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. வெட்டுகிற உரிமை புலிக்கு மட்டும்தான். ஆடு ஒருபோதும் புலியை வெட்டுவதில்லை. இருந்தும் ஆடு ஜெயிக்கலாம். எப்படியென்றால், ஒன்றின் முதுகுக்கு ஒன்று நின்று, புலி தாண்ட முடியாதபடி இடங்களை அடைத்து. கொல்லும் சக்தி இல்லாதவர்களின் வியூகம் இடம்பிடித்தல். கோயில் திண்ணைகளிலும் பாறைகளிலும் கோடு கிழித்து ஆடிய இந்த ஞானத்துக்குத்தான் இன்று திரையில் வேறு பெயர்.

3

ஆனால் ஆட்டம் முடிந்ததும் திரையில் என்ன வருகிறது? ஒரு பட்டியல். ஆளுக்கு ஒரு வரிசை; எத்தனை பேரைச் சுட்டான், எத்தனை தடவை செத்தான். பாயிண்டுக்குள் நின்ற நேரமும் கணக்கில் வருகிறது. ஆனால் அணியில் இன்னொருவன் இருக்கிறான். பாயிண்டுக்குள்ளும் நிற்காமல், சண்டையிலும் பெரிதாகக் கலக்காமல், ஒரு மூலையில் நிற்கிறவன். அவன் அங்கே நிற்பதால்தான் அவனுடைய ஆட்கள் செத்து எழும்போது பக்கத்திலேயே எழுகிறார்கள்; எதிராளி தூரத்தில் போய் எழுகிறான். அவன் நின்றதற்குப் பட்டியலில் பத்தியே கிடையாது. கூட ஆடிய நாலு பேருக்கும் மட்டும் தெரியும். அதுவும் தேர்ந்தவர்களாக இருந்தால்தான்.

இந்த இடத்தில்தான் ஆட்டம் பனியன் கம்பெனிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு நோட்டில் கணக்கு இருக்கிறது. பிசிறு வெட்டுகிற, மடித்துக் கொடுக்கிற, செக்கிங் டேபிளில் கண் எரிய நிற்கிற பெண்களின் வேலை, அந்த பீஸுக்குள்ளேயே இருந்தாலும் பீஸாக எண்ணப்படுவதில்லை. கூட்டாக உற்பத்தியாவதைத் தனித்தனியாக எண்ணுவது அதிகாரத்தின் பழைய வித்தை. எண்ணும் முறையே ஆளை உருவாக்குகிறது. தன் வரிசையில் உள்ள எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒருவன் 'தலை எண்ணுகிற' தன்னிலையாக மாறுகிறான். அணி தோற்றாலும் 'நான் நல்லாத்தான் ஆடினேன்' என்கிறான். போனஸ் கூட்டத்திலும் இந்த வாக்கியத்தை நாம் கேட்டிருக்கிறோம்.

இந்த 'கூட்டு' யாருடைய கூட்டு என்ற கேள்வியும் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண்களுக்குச் செல்போன் வைத்துக்கொள்வதே தடையாக இருந்தது பதிவாகியிருக்கிறது. போன் உள்ள பெண்ணும் ஆட்டத்தில் வாய் திறந்தால் வசவு வருகிறது. ஆகவே மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறாள். பேச்சுதான் வியூகம் என்கிற ஓர் ஆட்டத்தில் மௌனமாக ஆட வேண்டியிருப்பது என்ன? அவள் அணியில் இருக்கிறாள், அணியின் மொழியில் இல்லை. 'டீம் ஒர்க்' என்று மேலாண்மைப் புத்தகங்கள் பேசும்போது இந்த மௌனம் விடுபட்டுவிடுகிறது.

4

இனி முக்கியமான விஷயம். பாயிண்ட் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

ஆடுகிற பத்துப் பேரில் ஒருவரும் இல்லை. எவ்வளவு கூர்மையான வியூகமும் இன்னொருவர் குறித்துக் கொடுத்த இலக்குக்குள்தான். அதற்கு மேல், ஆடுகளமும் ஆடுகிறவர்களுடையது அல்ல. 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜி மொபைலும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021இல் வேறு பெயரில் வந்தது; 2022 ஜூலையில் காணாமல் போனது; 2023 மே மாதம் திரும்பியது. லட்சக்கணக்கான பேர் சேர்ந்து பழகிய களம் எல்லைத் தகராறின் ஒரு துணை விளைவாக ராத்திரியோடு ராத்திரியாக மூடப்பட்டது. ஆடியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, மின்-விளையாட்டை அங்கீகரித்தது. சூதாடி அல்லது வீரன்: அரசின் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டு உருவங்கள்தான். ராத்திரி பதினொரு மணிக்குத் தமிழும் இந்தியும் கலந்து 'பாயிண்ட்டுக்கு வா, இதர் ஆ' என்று கூப்பிட்டுக்கொள்கிற உள்ளூர்க்காரனும் வடக்கிலிருந்து வந்த தொழிலாளியும் அந்தக் கண்ணில் படுவதில்லை. தொழிற்சங்கத்தின் கண்ணிலும் எத்தனை பேர் படுகிறார்கள்?

இதே மண்ணில் வேறு மாதிரி ஓர் இலக்கு குறிக்கப்பட்டது உண்டு. 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே இலக்கைக் குறித்தவர்கள் தொழிலாளர்கள். பிடித்து நின்றவர்களும் அவர்களே. முன்வரிசையில் நின்றவர் பெயர் தெரியும். 127 நாளும் அரிசிக்கு வழி பண்ணி வீட்டைத் தாங்கி நின்றவர்களுக்கு அன்றும் பத்தி இல்லை. அந்த மூலையில் ஆள் நிற்காமல் எந்த வேலைநிறுத்தமும் மூன்றாவது வாரத்தைத் தாண்டாது. பிறகு வந்த ஆண்டுகளில் தொழில் ஜாப் ஒர்க், பவர் டேபிள் என்று சிறு யூனிட்களாக மேலும் மேலும் சிதறியது. பாயிண்ட் நகர்ந்துவிட்டது என்று சொல்லலாம். பெரிய கம்பெனி வாசலில் கூட்டம் போட்டுப் பழகிய சங்கம், நகர்ந்த இடத்துக்கு இரண்டாவதாகத்தான் போய்ச் சேர்ந்தது.

5

ஆட்டம் புரட்சியைக் கற்றுக்கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. அது கற்றுத்தருவது ஒரு பாதி: சேர்ந்து போவது, விட்டுக்கொடுத்து நகர்வது, அளவுக்கு மேல் ஆசைப்படாதது, கணக்கில் வராதவனை மதிப்பது. மறுபாதியை, அதாவது இலக்கை நாமே குறிப்பதை, அது கற்றுத்தராது; அதன் கட்டுமானமே அதை அனுமதிக்காது. முதல் பாதியைத் தெரிந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஊத்துக்குளி, பெருமாநல்லூர், அவிநாசி வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களை 'கெட்டுப்போனவர்கள்' என்று ஒதுக்கிவிட்டு, மறுபாதியை யாரிடம் பேசப் போகிறோம்?

எழுதுகிற நமக்கும் ஒரு வார்த்தை. நம் சிறுபத்திரிகை விவாதங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யார் யாரை வெட்டினார், எந்தக் கட்டுரை யாரைச் சாய்த்தது என்பதுதான் நமக்கு மனப்பாடம். எந்த இடத்தைப் பிடித்தோம், பிடித்ததை எத்தனை நாள் வைத்திருந்தோம், அப்போது மூலையில் நின்றது யார்? அந்தப் பத்திகளை இனிமேல்தான் போட வேண்டும்.