வர்க்கமும் பணிக்குழுவும்: மார்க்ஸ், வேபர் கொள்கைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

சமூகவியல் கற்கப் புகுவோர் கார்ல் மார்க்சையும் மாக்ஸ் வேபரையும் முற்றும் மாறுபட்ட இரு திறத்தாராகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. பொருளே சமுதாயத்தை இயக்குகின்றது என்றவர் முன்னவர். கருத்தே இயக்குகின்றது என்றவர் பின்னவர் என்பது பாடக் குறிப்புகளில் நிலைபெற்றுவிட்ட சூத்திரம். பரீட்சைக்கு எளிதான இச்சூத்திரம் உண்மைக்கு ஏற்றதன்று. முதலாளித்துவத்தின் எழுச்சிக்கும் புரட்டஸ்தாந்து சமய ஒழுக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1904, 1905 ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த வேபர், பொருளை மட்டும் காரணங்காட்டும் விளக்கத்தை நீக்கி, கருத்தை மட்டும் காரணங்காட்டும் விளக்கத்தை அதனிடத்தில் வைத்தல் தம் நோக்கமன்று என அவ்வாராய்ச்சியின் இறுதியிலே தெளிவாக உரைத்துள்ளார். ஆகவே, இருவர்க்குமிடையே உள்ள மெய்யான வழக்கு யாதென ஆராய்தல் வேண்டும். ஆளும் அதிகாரம் உண்மையில் யார் கையில் உள்ளது என்பதே அவ்வழக்கு.

மார்க்ஸ் (1818–1883) உற்பத்திச் சாதனங்களின் உடைமையைக் கொண்டு வர்க்கத்தை வரையறுத்தார். நிலமுடையார், மூலதனமுடையார், உழைப்பையன்றி விற்பதற்கு வேறொன்றும் இல்லார் என்பன அவர் கண்ட பெரும்பிரிவுகள். வேபர் (1864–1920) வர்க்கத்தைச் சந்தையில் ஒருவர்க்குள்ள வாய்ப்பின் வழி நோக்கி, அதனின் வேறாக அந்தஸ்தையும் கட்சியையும் வைத்தெண்ணினார். செல்வமிருந்தும் மதிப்பில்லாதாரும், மதிப்பிருந்தும் செல்வமில்லாதாரும் உலகில் உளர் என்பதை இப்பாகுபாடு விளக்குகின்றது. எனினும், இருவர் கொள்கையும் முற்றுப்பெறாதவை என்பதை மறத்தலாகாது. ஏங்கெல்ஸ் 1894 இல் வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் வர்க்கங்களைப் பற்றிய இறுதி அத்தியாயம் சில பந்திகளோடு அறுந்து நிற்கின்றது. வேபரின் 'பொருளாதாரமும் சமுதாயமும்' அவர் இறந்த பின்னர் அவர்தம் மனைவியாரால் வெளியிடப்பட்டது. முடியாத இரு கட்டடங்களை முடிந்த கோட்டைகளாக எண்ணிப் போர் தொடுப்பது ஆராய்ச்சியாகாது.

வேபரின் தனிச்சிறப்பு மார்க்சை மறுத்ததிலன்று, அவர் கண்ட ஓர் உண்மையை விரித்ததிலேயே உள்ளது. தொழிலாளி தன் கருவிகளினின்றும் பிரிக்கப்பட்டமையே முதலாளித்துவத்தின் அடிப்படை என்றார் மார்க்ஸ். அப்பிரிவு ஆலையோடு நின்றுவிடவில்லை என்றார் வேபர். போர்வீரனுக்குப் படைக்கலம் சொந்தமன்று. ஆராய்ச்சியாளனுக்கு ஆய்வுகூடம் சொந்தமன்று. உத்தியோகத்தனுக்கு அவன் இருந்து எழுதும் கந்தோரும் கையாளும் கோவைகளும் சொந்தமல்ல. எழுதப்பட்ட விதி, மேல்கீழ் வரிசை, பயிற்சி, நிலையான வேதனம் ஆகியவற்றாலமைந்த பணிக்குழு அரசாங்கத்துக்கு மட்டுமன்றிப் பெரிய கம்பெனிக்கும் கட்சிக்கும் பொதுவாயிற்று. எனவே தனியுடைமையை ஒழித்தாலும் பணிக்குழு ஒழியாது. தன்னைத் தடுத்துநிற்கும் முதலாளியும் இல்லாதொழிய, அது தனியாட்சி செய்யும் என்பது அவர் அச்சம். தொழிலாளரின் சர்வாதிகாரத்தினும் உத்தியோகத்தரின் சர்வாதிகாரமே அணுகி வருகின்றது என்று 1918 இல் வியன்னாவில் நிகழ்த்திய சொற்பொழிவிலே அவர் எச்சரித்தார்.

இவ்விடத்து மார்க்ஸ் பணிக்குழுவை அறியாதவர் எனக் கூறுதல் பிழை. பிரான்சிலே ஐந்து இலட்சம் உத்தியோகத்தரைக் கொண்ட அரசியந்திரம் சமுதாயத்தை முழுவதும் பற்றிக்கொண்டதை அவர் 1852 இல் வருணித்தார். அதற்கு முன்னரே, 1843 இல், ஹெகலின் அரசியற் கொள்கையை ஆராய்ந்தபோது, உத்தியோகத்தர் அரசையே தம் உடைமையாக்கிக்கொள்வதையும், அரசின் நோக்கம் அவர்தம் பதவியுயர்வு நோக்கமாகச் சுருங்குவதையும் எடுத்துக்காட்டியிருந்தார். ஆயின், அக்கையெழுத்துப் பிரதி 1927 இலேயே முழுமையாக அச்சேறியது. வேபர் அதற்கு ஏழாண்டுகளின் முன்னரே இறந்துவிட்டார். தமக்கு மிக அணித்தாய் நின்ற மார்க்சை வேபர் கண்டாரில்லை.

இனி, வேபரின் கொள்கையை அவர் நாட்டு வரலாற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1918 நவம்பரில் ஜேர்மனியில் முடியாட்சி வீழ்ந்தது, உத்தியோகத்தர் வீழவில்லை. 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு அவர்களுக்கு வாழ்நாள் நியமனத்தை உறுதிசெய்து, அவர்கள் பெற்றிருந்த உரிமைகளையும் காத்தது. இதுவரை வேபர் கூற்று மெய்யாயிற்று. 1933 ஏப்ரலில் ஹிட்லரின் அரசாங்கம் யூதரையும் அரசியல் எதிரிகளையும் அரசசேவையினின்றும் நீக்கச் சட்டமியற்றியபோது, எஞ்சிய உத்தியோகத்தருட் பெரும்பாலோர் தம் மேசைகளிலிருந்து வழமைபோற் பணி செய்தனர். வேலியே பயிரை மேயும் என்று வேபர் அஞ்சினார். நிகழ்ந்தது வேறு: மேய வந்தவனுக்கு வேலி வழிவிட்டது. பணிக்குழு யார் கைப்பற்றினும் அவர்க்கு உழைக்கும் என்று அவரே எழுதியிருந்தார்; ஆயின் அக்கூற்றின் முழுக் கொடுமையையும் அவர் அளந்தாரல்லர்.

அவர் கூறிய மருந்தும் ஆராயத்தக்கது. உத்தியோகத்தரை அடக்கப் பாராளுமன்றமும், மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் வலிமைமிக்க சனாதிபதியும் வேண்டுமென்றார். அத்தகைய சனாதிபதியாகிய ஹிண்டன்பர்க்கே 1933 சனவரி 30 ஆந் தேதி ஹிட்லரைப் பிரதம மந்திரியாக நியமித்தவர். தலைவன்பால் வேபர் வைத்த இந்நம்பிக்கையை வரலாற்றாசிரியர் வொல்ஃப்காங் மொம்சன் 1959 இல் வெளியிட்ட நூலிற் கடுமையாக வினாவினார். பின்னிகழ்ந்த கேட்டுக்கெல்லாம் வேபரைப் பொறுப்பாக்குதல் நீதியன்று. ஆனால், பணிக்குழுவின் நோயை நுணுகி அறிந்தவர், தலைவனின் நோயை அத்துணை நுணுக்கமாய் அறிந்திலர் என்பது மறுக்கொணாதது.

வேபரின் எழுத்தில் கல்விச்சாலைகள் தமக்கெனக் கொள்ளவேண்டிய பகுதியும் ஒன்றுண்டு. முற்காலத்தில் குலப்பெருமை பெற்றுத்தந்த உரிமையை இக்காலத்தில் பரீட்சைத் தராதரப் பத்திரம் பெற்றுத்தருகின்றது என்றார் அவர். பரீட்சை ஏழை மகனுக்கும் கதவைத் திறக்கின்றது. அதே பரீட்சை, படிக்கும் செலவைத் தாங்கவல்லாரை முன்னே நிறுத்தி, உள்ளே புகுந்தாரை ஒரு புதிய சாதியாக்கவும் வல்லது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்கு வேபர் வேண்டும். அச்செலவைத் தாங்கவல்லார் யார் என வினவுவதற்கு மார்க்ஸ் வேண்டும். ஒருவரைக் கைவிட்டு மற்றவரைக் கற்போர், தாம் ஏறிவந்த ஏணியின் ஒரு காலை மட்டுமே கண்டவராவர்.